கடைத்தெருவில் இடுகுறியும் காரணமும்



தமிழ் இலக்கணத்தில் பெயர்ச்சொல்லைப் பற்றிய பகுதியில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் இரண்டையும் நீங்கள் படித்திருப்பீர்கள். பறப்பது பறவை; மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. இவை காரணம் பற்றி வந்த பெயர்கள். மரம், மண், பனை என்பவற்றுக்கு ஏன் அப்பெயர் வந்தது என்று வினவினால் விடை கிடையாது. முன்னோர் அவ்வாறு குறியிட்டு வழங்கினர்; நாமும் வழங்குகிறோம். இவை இடுகுறி. இவ்விரண்டையும் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்று மேலும் பகுப்பர். மரம் என்பது பலவற்றுக்கும் பொது. பனை என்பது ஒன்றற்கே சிறப்பு. இவ்வளவையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பிறகு, இந்தப் பகுதியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். கடைத்தெருவிலே பலகைதோறும் மின்னுகின்ற வாணிகப் பெயர்களையும் இதே அளவுகோலால் அளக்கலாம் என்று எனக்குக் காட்டியவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவனுக்கு நான் இழைத்த பிழையிலிருந்தே இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

1989ஆம் ஆண்டு. வகுப்புத் தேர்வு ஒன்றில், 'அன்றாட வழக்கிலிருந்து இடுகுறிப் பெயருக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக' என்று கேட்டிருந்தேன். எல்லாரும் மரம், மண் என்று எழுதியிருக்க, இவன் மட்டும் 'மண், கோடக்' என்று எழுதியிருந்தான். அவனுடைய தந்தையார் எங்கள் ஊர்ப் புகைப்பட நிலையத்தில் வேலை பார்த்தவர். நான் சிவப்பு மையால் 'கோடக்' என்பதை அடித்துவிட்டு ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன். வகுப்பில் விளக்கமும் சொன்னேன்: "தம்பி, படம் எடுக்கும்போது அந்தப் பெட்டியில் 'கொடக்' என்று ஓர் ஓசை எழுகிறதல்லவா? அந்த ஒலிக்குறிப்பிலிருந்து வந்த பெயர் அது. ஆகவே காரணப்பெயர்." அவன் எழுந்து, "அதற்கு அர்த்தமே கிடையாது என்று ஸ்டூடியோ முதலாளி சொன்னார் ஐயா" என்றான். வகுப்பு சிரித்தது. உட்காரச் சொல்லிவிட்டேன்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. கோடக் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவர். அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்னும் நகரில் சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். தாயார் வீட்டில் பிறரைத் தங்கவைத்து, உணவளித்து, அந்த வருவாயில் குடும்பத்தைக் காத்தார். ஈஸ்ட்மன் படிப்பை இடையிலே விட்டு வேலைக்குப் போனார். 1888இல் அவர் விற்பனைக்குக் கொணர்ந்த பெட்டியின் விலை 25 டாலர். அதற்குள் 100 படம் எடுப்பதற்குரிய சுருள் இருந்தது. எடுத்து முடிந்ததும் பெட்டியோடு ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட்டால், 10 டாலர் பெற்றுக்கொண்டு, படங்களைக் கழுவி அச்சிட்டு, புதுச் சுருளும் இட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதுவரை கண்ணாடித் தகடும் இருட்டறையும் மருந்துப் புட்டிகளுமாக இருந்த கலை, அன்று எல்லார் கைக்கும் வந்தது. அந்தப் பெட்டிக்கு அவர் வைத்த பெயர்தான் கோடக்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பலரும் அவரைக் கேட்டிருக்கிறார்கள். எந்த மொழியிலிருந்தும் வரவில்லை, நானே ஆக்கியது என்பதே அவருடைய விடை. 'கே' என்னும் ஆங்கில எழுத்தில் அவருக்கு ஒரு பற்று இருந்தது. வன்மையும் கூர்மையும் உடைய எழுத்து என்று கருதினார். அவருடைய தாயார் பிறந்த குடும்பமாகிய 'கில்பர்ன்' என்பதன் முதலெழுத்தும் அதுவே. அந்த எழுத்தில் தொடங்கி அந்த எழுத்திலேயே முடியும் சொல் ஒன்று வேண்டுமென்று எழுத்துகளைப் பலவாறு கூட்டிப் பார்த்துக் கண்டதுதான் அந்தச் சொல். பெயர் குறுகியதாய் இருக்க வேண்டும். எந்த நாட்டவர் வாயிலும் சிதையாமல் இருக்க வேண்டும். அந்தத் தொழிலில் வேறெந்தப் பொருளின் பெயரையும் நினைவூட்டாமல் இருக்க வேண்டும். இவை அவர் வகுத்துக்கொண்ட விதிகள். இடுகுறிப்பெயர் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டுமா? அந்த மாணவன் எழுதியதே சரி. நான் அடித்ததுதான் தவறு.

இத்தனைக்கும் என்னுடைய விளக்கம் கேட்பதற்கு நன்றாக இருந்தது. அதுதான் அதிலிருந்த ஆபத்து. பெயர்க் காரணம் சொல்வதில் நம்மவருக்கு ஒரு தனி ஆசை உண்டு; ஊர்ப் பெயர்களுக்கு நாம் கட்டியிருக்கும் கதைகளை எண்ணிப் பாருங்கள். அடிடாஸ் என்னும் காலணி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நாள் முழுதும் விளையாட்டையே கனவு காண்கிறேன் என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளே அந்தப் பெயர் என்று பலர் கூறுவர். அந்த ஆங்கிலத் தொடர் பின்னாளில் யாரோ கட்டியது. ஜெர்மனியில் ஹெர்சோகனௌராக் என்னும் சிற்றூரில் காலணி செய்துவந்த அடோல்ஃப் டாஸ்லர் என்பவரை 'அடி' என்று சுருக்கி அழைப்பார்கள். அடியையும் டாஸ்லரின் முற்பகுதியையும் சேர்த்து 1949இல் தம் நிறுவனத்துக்கு இட்டார். அவ்வளவே. இங்கே நாமும் ஒரு கதை கட்டலாம். தமிழில் அடி என்றால் பாதம். பாதத்துக்குத் தாசனாகத் தொண்டு செய்வது செருப்பு. ஆகவே அது 'அடிதாசன்' என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு! எவ்வளவு பொருத்தம்! ஆனால் ஓர் அணுவளவும் உண்மை இல்லை. பொருத்தம் வேறு, சான்று வேறு. அந்த வேறுபாட்டை நான் 1989இல் மறந்திருந்தேன். அந்த டாஸ்லரின் தமையனார் ருடோல்ஃப், தம்பியோடு பிணங்கிப் பிரிந்து அதே ஊரில் வேறு நிறுவனம் தொடங்கினார். முதலில் தம் பெயரைச் சுருக்கி 'ரூடா' என்று எண்ணியவர், பிறகு அதை 'பூமா' என்று மாற்றிக்கொண்டார்.

நிறுவியவரின் பெயரையே நிறுவனத்துக்கு இடுவது எல்லா நாட்டிலும் உள்ள எளிய வழி. பாட்டா என்பது நம் நாட்டுப் பெயர் என்று எண்ணுவோர் பலர். கொல்கத்தாவுக்கு அருகே பாட்டாநகர் என்று ஓர் ஊரே இருப்பதனால் வந்த எண்ணம் அது. தோமாஷ் பாட்டா என்பவர் இன்றைய செக் நாட்டிலுள்ள ஸ்லீன் நகரில் 1894இல் உடன்பிறந்தாரோடு தொடங்கிய தொழில் அது. மெர்சிடிஸ் என்பது ஒரு சிறுமியின் பெயர். டைம்லர் நிறுவனத்தின் கார்களை வாங்கி விற்றுவந்த எமில் எல்லினெக் என்னும் வணிகர், தமக்கென்று வேகமான புதுக் கார் ஒன்றைச் செய்யச் சொல்லி, அதற்குத் தம் மகளின் பெயரை இடச் செய்தார். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது பதினொன்று இருக்கும். 1902இல் அப்பெயர் வாணிகக் குறியாகப் பதிவாயிற்று. மறு ஆண்டு தந்தையும் தம் பெயரோடு மெர்சிடிஸ் என்பதைச் சேர்த்துக்கொண்டார். தந்தை பெயரை மகள் தாங்குவதே வழக்கம். இங்கே மகள் பெயரைத் தந்தை தாங்கினார்.

ஜப்பானியர் ஒருவர் தம் பெயரை மொழிபெயர்த்தே நிறுவனத்துக்கு இட்டார். ஷோஜிரோ இஷிபாஷி என்பவர் 1931இல் கார்ச் சக்கரத்துக்கு ரப்பர் டயர் செய்யும் தொழிலைத் தொடங்கினார். இஷி என்றால் கல். பாஷி என்றால் பாலம். வெளிநாடுகளிலும் விற்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆகவே கல்லையும் பாலத்தையும் ஆங்கிலத்தில் சொல்லி, முன்பின்னாக மாற்றி, 'பிரிட்ஜ்ஸ்டோன்' என்று வைத்தார். நம் ஊரில் அப்படிப் பெயரிட்டால் 'பாலக்கல்' என்று வந்திருக்கும்.

இனி, இடுகுறியா காரணமா என்று துணிய முடியாத ஒரு வகை உண்டு. நன்னூல் உரைகாரர்கள் இதற்குக் காரண இடுகுறி என்று பெயர் வைத்து, முள்ளி என்பதை எடுத்துக்காட்டுவார்கள். முள் உடையது முள்ளி என்று கொண்டால் காரணப்பெயர். ஆயினும் முள் உடைய செடிகள் பல இருக்க, ஒன்றையே அப்பெயரால் வழங்குகிறோம். சொல்லும்போது முள்ளை நாம் நினைப்பதும் இல்லை. அந்த வகையில் இடுகுறி. வாணிகப் பெயர்களிலே மிகச் சிறந்தவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் கருத்து.

சோனி என்னும் பெயரைப் பாருங்கள். 1946இல் டோக்கியோவில் அந்த நிறுவனம் தோன்றியபோது அதன் பெயர் 'டோக்கியோ சூஷின் கோக்யோ'. வெளிநாட்டார் வாயில் நுழையாத பெயர். அகியோ மொரிட்டாவும் மசாரு இபுகாவும் அகராதிகளைப் புரட்டினார்கள். ஒலியைக் குறிக்கும் 'சோனஸ்' என்னும் லத்தீன் சொல் கிடைத்தது. ஆங்கிலத்தில் சிறுவரைச் செல்லமாக விளிக்கும் 'சன்னி' என்ற சொல்லும் அதற்கு நெருங்கி ஒலித்தது. ஆனால் அந்தச் சொல்லை அதன் எழுத்துப்படி ஜப்பானியர் படித்தால், நட்டத்தைக் குறிக்கும் சொல்போல ஒலிக்கும். வாணிகத்துக்கு அது ஆகுமா? ஓர் எழுத்தைக் குறைத்தார்கள்; 'சோனி' பிறந்தது. 1955இல் அவர்கள் விற்ற டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டியில் அப்பெயர் முதலில் ஏறியது. 1958இல் நிறுவனத்தின் பெயரே அதுவாயிற்று. ஒலிக் கருவிக்கு ஒலியின் பெயர் என்பது காரணம். எந்த அகராதியிலும் இல்லாத சொல் என்பது இடுகுறி.

நம் நாட்டில் அமுல் அப்படிப்பட்டது. குஜராத்தில் ஆனந்த் என்னும் ஊரின் பால் உற்பத்தியாளர் சங்கத்து ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை. விலைமதிப்பற்றது என்று பொருள்படும் 'அமூல்ய' என்னும் வடசொல்லும் அதிலே ஒலிக்கிறது. எம்.ஆர்.எஃப். என்பதில் அத்தகைய இரட்டைப் பொருள் இல்லை. மெட்ராஸ் ரப்பர் தொழிற்சாலை என்பதன் ஆங்கில எழுத்துகள், அவ்வளவுதான். 1946இல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் குழந்தைகளுக்குரிய பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகை அது. மெட்ராஸ் 1996இல் சென்னை ஆயிற்று. ஆயினும் அந்த 'எம்' இன்றுவரை மாறவில்லை.

லாக்மே என்னும் ஒப்பனைப் பொருளின் பெயர் சுற்றிவந்த வழி இதைவிட நெடியது. 1883இல் பாரிஸ் நகரில் லியோ டெலிப் என்னும் இசையமைப்பாளரின் இசைநாடகம் ஒன்று அரங்கேறியது. கதை நம் நாட்டில் நிகழ்வது. தலைவி ஓர் அந்தணப் பூசகரின் மகள். லட்சுமி என்னும் பெயர் பிரெஞ்சு நாவில் 'லாக்மே' ஆகி, அதுவே அவளுக்கும் நாடகத்துக்கும் பெயராயிற்று. 1952இல் டாடா எண்ணெய் ஆலை நிறுவனம் ஒப்பனைப் பொருள்கள் செய்ய முற்பட்டபோது, அந்தப் பிரெஞ்சுப் பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். சீமைப் பொருள்போல ஒலிக்க வேண்டும், ஆனால் நம்முடையதாகவும் இருக்க வேண்டும் என்னும் இரண்டு விருப்பங்களையும் அது நிறைவேற்றியது. நம் வீட்டு லட்சுமி பாரிஸ் போய் உடை மாற்றித் திரும்பி வந்தாள்.

இப்படித் தெய்வப் பெயர் உருமாறியது ஜப்பானிலும் உண்டு. 1934இல் டோக்கியோவில் சிறு ஆய்வுக்கூடம் ஒன்றில் செய்து பார்த்த நிழற்படக் கருவிக்கு, பௌத்தர்கள் வணங்கும் கருணைத் தெய்வத்தின் பெயரால் 'குவானன்' என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டு உலகச் சந்தைக்கென்று அதை 'கேனன்' ஆக்கிப் பதிந்தார்கள். அந்தக் கருணைத் தெய்வம் வேறு யாருமல்லர். வடமொழியில் அவலோகிதேசுவரர் எனப்படுபவரே. அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் அவர் என்று வீரசோழியம் என்னும் நம் இலக்கண நூல் கூறுகிறது. தமிழாசிரியனாகிய எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து அந்தக் கருவியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சிறு மகிழ்ச்சி.

நண்பர்களே, காரணப்பெயரே தெளிவானதாயிற்றே, பொருளை நன்றாக விளக்குமே, வணிகர் ஏன் இடுகுறியை நாட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். விடை சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் தாம் விற்கும் கடலை எண்ணெய்க்குத் 'தூய எண்ணெய்' என்று பெயரிட்டு, அச்சொல் எனக்கே உரியது என்று வழக்காடினால் என்ன ஆகும்? அடுத்த கடைக்காரர் தம் எண்ணெயும் தூயது என்று சொல்லவே முடியாமற்போகும். ஆகவே பொருளின் வகையையும் தன்மையையும் மட்டும் கூறும் சொற்களை, நெடுநாள் வழக்கால் ஒருவருக்கே உரிய அடையாளமாக ஆகியிருந்தாலன்றி, வாணிகக் குறியாகப் பதிவதற்கு நம் நாட்டு 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் 'கோடக்' என்று யாரும் சொல்ல வேண்டிய தேவை இல்லை; அச்சொல் அவர் ஆக்கியது. அதனை அவரே வைத்துக்கொள்வதால் பிறர் வாயிலிருந்து எந்தச் சொல்லும் பறிபோகவில்லை. பொருளற்ற சொல்லே வலிமையான உடைமை என்பது விந்தையாகத் தோன்றும். ஆனால் சட்டம் அப்படித்தான் கருதுகிறது.

அந்த உடைமைக்கும் ஒரு கேடு உண்டு. பெயர் மிகுதியும் பரவிவிட்டால் சிறப்புப்பெயராக இருந்தது பொதுப்பெயர் ஆகிவிடும். ஆஸ்பிரின் என்னும் தலைவலி மருந்தின் கதை அதுதான். ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1899இல் ஆக்கிய பெயர் அது. பகுபதத்தை உறுப்புகளாகப் பிரிப்பதுபோல அதனைப் பிரித்துவிடலாம். அசிட்டைல் என்பதன் முதலெழுத்து 'அ'. அந்த அமிலத்துக்கு ஜெர்மன் மொழியில் பெயர் தந்த 'ஸ்பைரியா' என்னும் செடியிலிருந்து 'ஸ்பிர்'. மருந்துப் பெயர்களின் ஈற்றில் அக்காலத்தில் வழக்கமாகச் சேர்த்த விகுதி 'இன்'. வேதியியல் அறிந்தவருக்குக் காரணம்; மாத்திரை வாங்குபவருக்கு இடுகுறி. முதல் உலகப் போரில் அந்த நிறுவனத்தின் அமெரிக்க உடைமைகள் பறிமுதலாயின. பின்னர் 1921இல் அமெரிக்காவில் ஒரு வழக்கு வந்தது. லேர்னட் ஹேண்ட் என்னும் நீதிபதி, பொதுமக்கள் கடையில் அச்சொல்லைக் கூறும்போது மனத்தில் எதை நினைக்கிறார்கள் என்று பார்த்தார். ஒரு நிறுவனத்தை அன்று, ஒருவகை மருந்தையே நினைக்கிறார்கள் என்று கண்டார். பொதுமக்களுக்கு விற்பதைப் பொறுத்தவரை அப்பெயர் அமெரிக்காவில் எல்லாருக்கும் பொதுவாயிற்று. அண்டை நாடாகிய கனடாவில் இன்றும் அது பேயர் நிறுவனத்தின் உடைமை. எல்லைக் கோட்டின் இப்புறம் பொதுப்பெயர், அப்புறம் சிறப்புப்பெயர்!

எஸ்கலேட்டர் என்னும் நகரும் படிக்கட்டின் பெயரும் ஓட்டிஸ் நிறுவனத்துக்கே உரியதாயிருந்தது. 1950இல் அதை இழந்தார்கள். இழக்கக் காரணமாயிருந்தவர்களும் அவர்களே. தங்கள் விளம்பரங்களில், லிஃப்ட் என்பது போல எஸ்கலேட்டர் என்பதையும் ஒரு பொருளின் பொதுப்பெயராகவே எழுதிவந்தார்கள்.

நம் தமிழ்நாட்டில் இவ்வாறு பொதுவாகிவிட்ட பெயர் எது என்று உங்களைக் கேட்டால் உடனே சொல்வீர்கள்: ஜெராக்ஸ். செஸ்டர் கார்ல்சன் என்பவர் நியூயார்க்கில் காப்புரிமை அலுவலில் இருந்தவர். ஆவணங்களுக்குப் படி எடுக்கும் தொல்லையால் வாடியவர். 1938 அக்டோபர் 22ஆம் நாள் வாடகை அறை ஒன்றில், மையும் நீரும் இன்றி, மின்னேற்றத்தாலும் பொடியாலும் எழுத்தைப் படியெடுத்துக் காட்டினார். இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதை வேண்டாமென்றன. கடைசியில் ஏற்றுக்கொண்ட ஹேலாய்டு என்னும் சிறு நிறுவனம், கோடக் இருந்த அதே ராச்செஸ்டர் நகரத்தது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் ஒருவர் பெயர் சொல்லி உதவினார். 'ஜெரோஸ்' என்றால் உலர்ந்தது. உலர் எழுத்து என்னும் பொருளில் 'ஜெரோகிராஃபி' என்றார். அதிலிருந்து சுருக்கியது ஜெராக்ஸ். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால், கோடக்கைப் போலவே, தொடங்கிய எழுத்திலேயே முடியும். 1961இல் நிறுவனமே அப்பெயரை ஏற்றது. தன் பெயரை வினைச்சொல்லாக வழங்காதீர்கள் என்று அந்நிறுவனம் பலகாலம் விளம்பரம் செய்து பார்த்தது. நம் மாணவரோ நாள்தோறும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வூதியத் தாள்களுக்குப் படி எடுப்பதற்காகப் பேருந்து நிலையத்தின் அருகிலிருந்த கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் எழுந்து நின்று, "வாங்க ஐயா" என்றார். அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர்தான். தந்தையார் பார்த்த ஸ்டூடியோ வேலையை அவரும் சிலகாலம் பார்த்திருக்கிறார். படச்சுருள் மறைந்தது, ஸ்டூடியோ மூடப்பட்டது. 2012 ஜனவரியில் கோடக் நிறுவனமே திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் ஏறி, மறு ஆண்டு அளவிற் சுருங்கி மீண்டது. இவர் கடன் வாங்கி இந்தக் கடையை வைத்திருந்தார்.

பழைய விடைத்தாளைப் பற்றிச் சொன்னேன். ஈஸ்ட்மனின் தாயாரைப் பற்றியும் 'கே' என்னும் எழுத்தைப் பற்றியும் சொல்லி, "அந்த ஒரு மதிப்பெண் உனக்குச் சேர வேண்டியது தம்பி, தவறு என்னுடையது" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "நீங்கள் அடித்தது எனக்கு நினைவிருக்கிறது ஐயா. அன்றைக்கு அப்பாவிடம் போய், முதலாளி சொன்னது பொய்யாம் என்று சொன்னேன்" என்றார். அந்தத் தந்தை இப்போது இல்லை.

நான் விடைபெறும்போது கடையின் பலகையை நிமிர்ந்து பார்த்தேன். 'ஜெராக்ஸ்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் 'கேனன்' என்று இருந்தது. என் பார்வை போன இடத்தை அவரும் கவனித்துவிட்டார்.

"அப்படியானால் ஐயா, நம் ஊரில் இது சிறப்புப்பெயரா, பொதுப்பெயரா?" என்று கேட்டார்.

வாயில் விடை வந்துவிட்டது. ஆயினும், "சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று கூறி, தாள்களுக்குரிய காசைக் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.